எது எழும்ப வேணும், எது படுத்திருக்க வேணும்

மொன்றியல்
2025 நவம்பர் 23

அன்புள்ள அக்காவுக்கு,

முதல் பனி கொட்டிவிட்டது. வீட்டுக்குள் ஹீற்றர் போட்டதும் காற்றுக் காய்ந்துபோய், மட்டையை மடித்தால் மடிப்பு வெடிக்கிறது. மேசைக்குப் பக்கத்தில் ஒரு சட்டி தண்ணீர் வைத்துக்கொண்டு வேலை செய்கிறேன். பார்க்கிறவர்கள் ஏதோ பூசை என்று நினைப்பார்கள்.

போன கிழமை ரெலிபோனில், "சின்னப் பிள்ளையளின்ர புத்தகத்துக்குப் படம் கீற இரண்டு வருசமோடி?" என்று கேட்டீர்கள். நான் சிரித்து மழுப்பினேன். அதற்குப் பதில் ரெலிபோனில் அடங்காது. முப்பது வருசத்துக்கு மேல் சரித்திரம் படிப்பித்த உங்களுக்கு விளங்கும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். வேறு ஆருக்கும் இவ்வளவு நீளமாய் எழுத மாட்டேன்.

இது தட்டைப் படப் புத்தகம் அல்ல, பொப்-அப் புத்தகம். பக்கத்தைத் திறந்தால் வீடு, மதில், மரம் எல்லாம் எழும்பி நிற்கும். மூடினால் மடங்கிப் படுத்துவிடும். உங்கள் சின்னவனுக்கு ஒருமுறை ஒரு பேய்வீட்டுப் புத்தகம் அனுப்பினேனே, யான் பியென்கோவ்ஸ்கி செய்தது, 1979இல் வந்தது, அந்த வகைதான். இந்த வித்தை பிள்ளைகளுக்காகப் பிறந்ததும் அல்ல. 13ஆம் நூற்றாண்டில் மத்தேயு பாரிஸ் என்ற இங்கிலாந்துத் துறவி தன் சுவடியில் சுழலும் தாள் வட்டம் வைத்தார். 1543இல் வெசாலியஸ் என்ற வைத்தியர், மாணவர் வெட்டி ஒட்டி உடலின் உறுப்புகளை அடுக்கிப் பார்க்கத் தாள் அச்சிட்டார். 18ஆம் நூற்றாண்டில்தான் லண்டனில் மடல் திறக்கும் புத்தகம் பிள்ளைகளின் கைக்கு வந்தது. இன்றைக்கும் அச்சிட்டு வெட்டுவது மெசின். ஒட்டுவது மனுசக் கை. ஒவ்வொரு பிரதியையும் ஆரோ உட்கார்ந்து ஒட்டித்தான் ஆக வேண்டும்.

எங்கள் புத்தகம் பழைய ஊர்களைப் பற்றியது. இங்கே ஒரு சின்னப் பதிப்பகம், பிரெஞ்சு மொழியில். ஏழு விரிப்புகள்: மெசொப்பொத்தாமியாவின் ஊர் (ஊருக்கே பெயர் ஊர்!), எகிப்து, மொகஞ்சதாரோ, பொம்பேயி, கீழடி, ஆனைக்கோட்டை, ஒஷெலகா. கடைசிப் பெயர் நான் இப்போது இருக்கிற இந்த மண்ணின் பழைய ஊர். முதல் பட்டியலில் கீழடி இல்லை, யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டதும் இல்லை. இரண்டையும் உள்ளே நுழைத்தவள் உங்கள் தங்கச்சி. அதற்கு ஐந்து மாதம் போயிற்று. உங்கள் இரண்டு வருசத்தில் அதைக் கழித்துவிடுங்கள்.

படம் நான் கீறுகிறேன். எழும்பி நிற்கிற பொறிகளை வகுப்பவர் ஒரு கியூபெக் பெண்மணி. எழுபது வயது தாண்டியவர். அவருடைய வேலைக்குக் காகிதப் பொறியாளர் என்று பெயர். முதல் நாள் நான் மட்டையை மடித்த விதத்தைப் பார்த்துவிட்டு, எங்கே பழகினாய் என்று கேட்டார். ஐயா பட்டம் கட்டினதைச் சொன்னேன். எட்டு மூலைப் பட்டமும் கொக்குப் பட்டமும் பிராந்துப் பட்டமும் அவருக்கு என்ன விளங்கும்? ஆனால் முச்சை கட்டுவதைக் கீறிக் காட்டியதும் விளங்கிவிட்டது. முச்சை ஒரு விரற்கடை தவறினால் பட்டம் தலைகுத்தும். இங்கேயும் அதே கதை. மடிப்புக் கோடு ஒரு மில்லிமீற்றர் விலகினால் வீடு சரியும், அல்லது புத்தகம் மூடாது. கடதாசியின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, அதோடு சேர்த்து மடிக்க வேண்டும். குறுக்கே மடித்தால் இந்தக் குளிர்காலத்தில் இருபதாம் தடவை திறக்கும்போது கிழியும்.

முதல் சட்டம் இது: மூடினால் எல்லாம் உள்ளே அடங்க வேண்டும், ஒரு நுனியும் வெளியே நீட்டக் கூடாது. அப்படியென்றால் ஒரு மதில் எவ்வளவு உயரம் என்று சொல்வது சரித்திரம் அல்ல, பக்கத்தின் அகலம். 22 சென்ரிமீற்றர் பக்கத்துக்குள் ஊர் நகரத்துச் சிகுராத் கோபுரத்தை ஒடுக்கியபோது சிரித்தேன். கீழடிக்கு வந்தபோதுதான் சிரிப்பு நின்றது.

அகழாய்வு கீழே போகிற வேலை, பொப்-அப் மேலே வருகிற வேலை. புத்தகத்துக்குள் குழி தோண்ட முடியாது. அடியில் அட்டைதான் இருக்கிறது. கீழடியில் 353 சென்ரிமீற்றர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டுதான் கி.மு. 580 என்று காலம் சொன்னது. அந்த ஆழத்தைப் பிள்ளை கண்ணால் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. மூன்று மாதம் மண்டையைப் போட்டு உடைத்தோம். கடைசியில் பெண்மணி சொன்ன வழி எளியது: குழியை இறக்காதே, நிலத்தை ஏற்று. பக்கத்தைத் திறக்கும்போது இன்றைய தென்னந்தோப்பும் வெட்டுக்குழியின் விளிம்பும் ஏழு சென்ரிமீற்றர் மேலே எழும்புகின்றன. ஒரு மீற்றருக்கு இரண்டு சென்ரிமீற்றர் கணக்கு. நடுவிலே வெட்டின சதுரத்தால் எட்டிப் பார்த்தால், அடியில் பக்கத்தின் தரையே இரண்டாயிரத்தைந்நூறு வருசத்துக்கு முந்திய நிலம். மொகஞ்சதாரோக் குளத்துக்கும் இதே உபாயம்தான். 12 மீற்றர் நீளம், 7 மீற்றர் அகலம், இரண்டரை மீற்றருக்குச் சற்றுக் குறைந்த ஆழம் என்று அளவெல்லாம் கையில் இருப்பதால் அது ஒரே கிழமையில் முடிந்தது.

கீழடியில் அடுத்த சிக்கல் வீடு. அடிச்சுவர் இருக்கிறது, செங்கல் வரிசை இருக்கிறது, தூண் நட்ட குழிகள் இருக்கின்றன. சுவர் எவ்வளவு உயர்ந்தது? சாளரம் இருந்ததா? வாசல் எந்தப் பக்கம்? மண் அதை வைத்திருக்கவில்லை. தட்டைப் படம் என்றால் தெரியாததை ஒரு புளிய மரத்துக்குப் பின்னால் ஒளிக்கலாம், அடுப்புப் புகையால் மூடலாம். நாற்பது வருசமாய்ப் படம் கீறுகிற எவருக்கும் இந்தக் கள்ளம் தெரியும். பொப்-அப்பில் அது செல்லாது. பிள்ளை புத்தகத்தைத் திருப்பிவைத்து வீட்டின் பின்பக்கத்தையும் பார்ப்பாள். நாலு பக்கமும் கூரையும் இல்லாமல் வீடு நிற்கவும் மாட்டாது. தெரியாது என்று சும்மா இருக்க இந்தக் கடதாசி விடாது. ஏதோ ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

இந்த இடத்தில் நான் ஒரு பழைய படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1535 ஒக்ரோபரில் ஜாக் கார்த்தியே என்ற பிரெஞ்சு மாலுமி இந்த மொன்றியல் தீவுக்கு வந்தான். ஒஷெலகா என்ற ஊரைப் பார்த்தான். வட்டமான ஊர், மூன்று வரிசை மர வேலி, ஏறக்குறைய ஐம்பது நீள வீடுகள், மரப்பட்டை போர்த்தவை என்று குறிப்பு இருக்கிறது. 1556இல் வெனிசில் ரமூசியோ என்பவரின் பயண நூல் தொகுதியில் அந்த ஊரின் படம் வந்தது. கீறியவர் கடல் தாண்டாதவர். வேலி பலகை இழைத்தமாதிரி நேர்த்தி. நடுவிலே சதுர முற்றம். அதைச் சுற்றி வீதிகள் அளந்து போட்டமாதிரி. அந்தக் காலத்து இத்தாலியர் கனவு கண்ட நகரத்தைக் கொண்டுவந்து இந்தத் தீவில் வைத்துவிட்டார். பதினேழாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சம்பிளேன் வந்தபோது ஊரே இல்லை. மிஞ்சியது படம்தான். நானூற்றறுபது வருசம் தாண்டியும் மொன்றியல் சரித்திரம் சொல்லும் புத்தகங்களில் அதுவே வருகிறது.

1860இல் இங்கே ஷேர்புரூக் வீதிக்குப் பக்கத்தில் வீடு கட்ட மண் எடுத்தபோது பானை ஓடுகளும் எலும்புகளும் அடுப்புச் சாம்பலும் வந்தன. மக்கில் பல்கலைக்கழகத்து டோசன் அவற்றைச் சேர்த்து வைத்து எழுதினார்; ஒஷெலகா இதுதான் என்றார். இதுதானா என்று இன்றும் தீர்க்கமாய்ச் சொல்வாரில்லை. ஒஷெலகா மக்களின் நீள வீடுகளை இப்போது அறிவது, மண்ணில் தூண் உக்கி விட்டுப்போன கறுத்த வட்டங்களை வைத்துத்தான். கீழடியில் தூண் குழி, இங்கே தூண் கறை. உலகத்தின் இரண்டு மூலையிலும் வீடு போய்விட்டது. வீடு ஊன்றின இடம் மட்டும் இருக்கிறது.

பழைய துறைமுகத்தடியில் புவான்ற்-அ-கலியேர் என்று ஒரு அருங்காட்சியகம், 1992இல் திறந்தது. மொன்றியல் 1642இல் தொடங்கின இடத்தின் மேலேயே கட்டினது. நிலத்துக்குக் கீழே இறங்கிப் போனால் சுவர்களின் அடிகள் தெரியும். 1643ஆம் ஆண்டின் சேமக்காலை இருந்த இடமும் அங்கேதான். பெண்மணியும் நானும் ஒருநாள் முழுக்க அங்கே நின்றோம். முழங்கால் உயரச் சுவர்கள். அவர் ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இதுக்கு மேலே நாங்கள் வைக்கிறது எல்லாம் எங்கட சொந்தக் கணக்கு."

வீட்டுக்கு வந்து அவர் செய்த மாதிரியை எடுத்துப் பார்த்தேன். எந்தப் பொப்-அப்பையும் முதலில் படம் இல்லாமல் வெறும் வெள்ளை மட்டையில் வெட்டி ஒட்டிப் பார்ப்பார்கள். அதற்கு வெள்ளை மாதிரி என்று பெயர். பிறகுதான் நிறம் ஏறும். அன்றிரவு எனக்கு ஒன்று பட்டது. ஏன் எல்லாவற்றுக்கும் நிறம் ஏற்ற வேண்டும்? மண்ணில் கிடைத்ததற்கு மட்டும் நிறம் போடுவோம். நாங்கள் யோசித்து எழுப்பினது வெள்ளையாகவே நிற்கட்டும்.

கீழடி வீட்டை அப்படிச் செய்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. அங்கே கூரை ஓடு கிடைத்திருக்கிறது. ஓட்டின் மேல் மழைத்தண்ணீர் வழிய விரலால் இழுத்த கோடுகள், மரச்சட்டத்தோடு கட்ட இரண்டு துளைகள். ஆகவே கூரைக்குச் சிவப்பு நிறம் உண்டு. அடியில் செங்கல் வரிசைக்கும் உண்டு. நடுவிலே சுவர் முழுக்க வெள்ளை. காலும் தலையும் இருக்க, உடம்பைக் காணவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன், அக்கா. இதைவிட உண்மையான படம் நான் என் வாழ்நாளில் கீறவில்லை. உறைகிணறு முழுக்க நிறம். சுடுமண் உறைகள் ஒன்றின்மேல் ஒன்றாய் அப்படியே கிடைத்தவை. ஒரு நாடாவை இழுத்தால் கிணறு உறை உறையாய் எழும்பும். பானை ஓட்டில் 'ஆதன்' என்ற பெயர் நிறத்தோடு இருக்கிறது. ஆதன் என்ற மனுசன் வெள்ளை.

மனுசருக்கு முகம் போடுவது எல்லாவற்றிலும் கடினம். இங்கே ரெட்பாத் அருங்காட்சியகத்தில் எகிப்திய மம்மிகள் மூன்று இருக்கின்றன. ஸ்கான் எடுத்து, 2013இல் மண்டையோட்டின் மேல் முகம் செய்து காட்டினார்கள். கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையில் கிடைத்த இரண்டு மண்டையோடுகளுக்கு லிவர்பூல் ஜோன் மூர்ஸ் பல்கலைக்கழகத்தில் முகம் கொடுத்த செய்தியை நீங்கள்தான் எனக்கு அனுப்பினீர்கள். மூக்கெலும்பும் தாடையும் எலும்பிலிருந்து வரும். தோலின் நிறமும் தலைமயிரும் பார்க்கிற பார்வையும் செய்கிறவரின் தீர்மானம். நான் கோடு மட்டும் கீறி, முகத்தை வெள்ளையாய் விட்டேன்.

இந்த வெள்ளைக்குப் பதிப்பகத்தில் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. கடையில் எடுத்துப் பார்க்கிறவர் அச்சுப் பிழை என்று திருப்பித் தருவார் என்றார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. பொப்-அப் அச்சிடச் செலவு கூடின புத்தகம். ஒட்டுகிற இடம் ஒன்று கூடினாலும் விலை ஏறும். 'கீழடிக்கு ஒரு அரண்மனை இருந்தால் நல்லாயிருக்கும்' என்று ஒருவர் மெல்லச் சொன்னார். அரண்மனை கிடைக்கவில்லை என்றேன். 'யானையாவது?' என்றார். எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தால் அவர் மேல் இல்லை. அரண்மனை கேட்கிற குரல் எனக்குப் பழக்கமான குரல். எங்கள் நாட்டில் மண்ணுக்குள் மூன்று கல் வந்தால் மேடையில் முந்நூறு தூண் மண்டபம் எழுப்புகிறவர்கள் எல்லாப் பக்கமும் இருந்தார்கள். அந்த மண்டபங்களின் நிழலில் எத்தனை பேர் செத்தார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வகுப்பில் நீங்கள் "ஆதாரம் எங்கே?" என்று கேட்டதற்காக ஒருமுறை வீட்டுக்கு ஆள் வந்து கதைத்துவிட்டுப் போனதும் எனக்கு மறக்கவில்லை. பிள்ளைகளின் புத்தகத்தில் நான் கடதாசியாலும் அப்படி ஒன்றை எழுப்ப மாட்டேன்.

கடைசியில் வெள்ளைக்கு ஒத்துக்கொண்டார்கள். முதல் பக்கத்தில் ஒரு வரி வரும்: நிறம் இருந்தால் கண்டெடுத்தது, வெள்ளை என்றால் நாங்கள் நினைத்தது.

இனி ஆனைக்கோட்டை. அந்தப் பக்கத்தைத்தான் கடைசியாய்ச் செய்கிறேன். பயத்தில் தள்ளிப்போட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் பேராசிரியர் இந்திரபாலாவோடு அங்கே தோண்டியபோது எனக்கு ஒன்பது வயது. அங்கே கிடைத்த முத்திரையின் படம் பேப்பரில் வந்ததை நீங்கள் பார்த்துவிட்டு வந்து, வாசல் மண்ணில் ஈர்க்காலே கீறிக் காட்டினீர்கள். மேல் வரியில் மூன்று குறி, கீழ் வரியில் மூன்று எழுத்து. நான் அதைப் பார்த்து என் கணக்குக் கொப்பியில் கீறினேன். அடி வாங்கினேன். என் கையால் பார்த்துக் கீறின முதல் படம் அது. அந்தக் கொப்பி எந்த இடப்பெயர்வில் போனது என்று தெரியாது.

முத்திரை ஒரு எலும்புக்கூட்டின் பக்கத்தில் கிடைத்தது. பதிப்பகத்தில் எல்லாருக்கும் பிடித்துப்போனது அதுதான். 'பக்கத்தைத் திறந்ததும் எலும்புக்கூடு எழும்பி இருக்கட்டும், பிள்ளைகள் கத்திச் சிரிப்பார்கள்' என்றார்கள். பெண்மணி பொறியைக்கூட வகுத்துவிட்டார். ஒரு மடிப்பு, இரண்டு ஒட்டு, அருமையான வேலை. நான் மாட்டேன் என்றேன். அந்த மனுசனை ஆரோ அழுது, நீட்டிப் படுக்க வைத்து, பக்கத்தில் சாமான்கள் வைத்துப் புதைத்தார்கள். அவரை எழுப்பி விளையாட்டுக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. ஒஷெலகாப் பக்கத்துக்கும் இதையே சொன்னேன். ஆற்றுக்கு அக்கரையில் கானவாகேயில் மோகாக் மக்கள் இன்றும் இருக்கிறார்கள். மூதாதையரின் எலும்பு அவர்களுக்குப் பொம்மை அல்ல. ஏழு விரிப்பிலும் ஒரே சட்டம் வைத்தோம்: வீடு எழும்பும், கிணறு எழும்பும், மரம் எழும்பும். இறந்தவர் படுத்தே இருப்பார். ஆனைக்கோட்டைப் பக்கத்தில் அவர் தரையோடு தரையாய், மெல்லிய கோட்டில் இருக்கிறார். எழும்புவது முத்திரை மட்டும், பிள்ளையின் உள்ளங்கை அளவுக்குப் பெருப்பித்து.

அதன் எழுத்தை வாசிப்பதில் எத்தனை சண்டை! கோவேத என்றும் கோவேதன் என்றும் கோவேந்த என்றும் வாசித்தார்கள். "மூன்று எழுத்துக்கு மூன்று வழக்கு" என்று நீங்கள் சொல்வீர்கள். முத்திரையில் எழுத்துகளை இருந்தபடியே, நிறத்தோடு விட்டிருக்கிறேன். வாசிப்புகளை ஒரு மடலுக்கு அடியில் ஒன்றன்கீழ் ஒன்றாய் வெள்ளையில் வைத்திருக்கிறேன். ஒன்றுக்கும் முதலிடம் இல்லை.

போன சனிக்கிழமை பேத்தி வந்தாள். தமிழ்ப் பள்ளி முடிந்து வந்த களைப்பு. ஆனாலும் நிறம் ஏற்றின கீழடி மாதிரியை விடவில்லை. பிரெஞ்சும் தமிழும் கலந்து, "அம்மம்மா, சுவருக்கு நிறம் போட மறந்துபோனீங்களோ?" என்று கேட்டாள். மறக்கவில்லை, எனக்குத் தெரியாது என்றேன். பெரிய ஆக்களுக்கும் தெரியாதது இருக்குமோ என்று ஒரு பார்வை பார்த்தாள். பிறகு புத்தகத்தைச் சுற்றிவந்து வீட்டின் பின்பக்கம் போய், "அப்ப கதவு இஞ்ச இருந்திருக்கும்" என்று விரலை வைத்தாள். ஏன் என்று கேட்டேன். "கிணறு இந்தப் பக்கம் இருக்குதே" என்றாள். ஐந்து வயது! ஆதாரம் பார்த்துப் பேசுகிறது. உங்கள் வழி வந்த பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா, இரண்டு வருசம் ஏன் என்று கேட்டீர்கள். படம் கீற இரண்டு மாதம் போதும். எது எழும்ப வேணும், எது படுத்திருக்க வேணும், எது வெள்ளையாய் இருக்க வேணும் என்று முடிவெடுக்கத்தான் மிச்சக் காலம் போயிற்று.

இந்தக் கடிதத்தோடு ஆனைக்கோட்டைப் பக்கத்தின் வெள்ளை மாதிரி ஒன்று வருகிறது. உறையைக் கத்தியால் கிழிக்காதீர்கள். மேசையில் வைத்து மெல்லத் திறவுங்கள். 2024இல் அங்கே மறுபடி தோண்டினபோது நீங்கள் போய் நின்று பார்த்தீர்கள். மண்ணின் நிறம் என்ன, எந்த ஆழத்தில் மாறுகிறது என்று உங்களுக்கு நினைவிருந்தால் மாதிரியின் ஓரத்திலேயே எழுதுங்கள். பிறகு அந்தப் பழைய சிவப்புப் பேனையை எடுங்கள். நான் தெரியாததை எழுப்பி வைத்திருக்கிற இடம் எதுவோ, அங்கே ஒரு கோடு போடுங்கள். நான் உங்கள் தங்கச்சி என்று பார்க்க வேண்டாம். பத்தாம் வகுப்புப் பிள்ளையின் விடைத்தாள் என்று நினைத்துத் திருத்துங்கள். தை 15க்கு முன் எனக்குக் கிடைக்க வேண்டும். அதற்குப் பிறகு வெட்டுகிற அச்சுக்குப் போய்விடும், ஒன்றையும் படுக்க வைக்க முடியாது.

உங்கள் அன்புத் தங்கச்சி